மங்கையர்க்கரசி மறந்துவிட்டு வந்த சாமான்

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற சாலையில், புளியமரங்கள் முடிந்து முருங்கைத் தோப்புகள் தொடங்குகிற இடத்தில், குதூகலபுரி என்றொரு தீம் பார்க் இருந்தது. அந்த தீம் பார்க்கில் ராட்சச நாகம் என்றொரு ரோலர் கோஸ்டர் இருந்தது. அந்த நாகத்தின் மேல், ஆவணியில் தொடங்கித் தீபாவளிக்கு முந்தின வாரம் வரைக்கும், ஒரு பெண்பிள்ளையின் குரல் மட்டும் தனியாக ஏறி உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. குரலுக்குச் சொந்தக்காரி மங்கையர்க்கரசி. பூட்டுக்கடை சிதம்பரநாதனின் மனைவி, அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவள் என்று பெண் பார்க்க வந்த அன்றே பெயர் வாங்கி, அந்தப் பெயரைக் கல்யாணப் பட்டுப்புடவை மாதிரி கசங்காமல் வைத்திருந்தவள்.

அவள் பேசாததற்குக் காரணம் அவளுக்குப் பேச வராது என்பதல்ல, அவளுக்கு முன்னால் அவள் தம்பி பேசிவிடுவான் என்பதுதான். தம்பி குமரகுருபரன் மூன்று வயது இளையவன், இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், செத்தவன் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய் இரண்டு பாலிசி பிடித்து வருகிறவன். சின்ன வயதில் மங்கைக்கு வயிற்றுவலி வந்து, எங்கம்மா வலிக்குது என்று டாக்டர் கேட்டால், பக்கத்தில் நிற்கும் இவன் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டுவான். பெண் பார்க்க வந்தவர்கள் பொண்ணுக்குப் பாட்டு வருமா என்று கேட்டபோது, "அதெல்லாம் வராதுங்க, சமையல் வரும்" என்று சொன்னதும் அவன்தான். உண்மையில் அவளுக்குப் பாட்டு நன்றாகவே வரும், சமையல்தான் அப்போது அரைகுறை. அக்கா மேல் அவனுக்கு உயிர். இல்லையென்று யாரும் சொல்ல முடியாது, சொல்ல ஆரம்பித்தால் அவன் முடிக்க விடமாட்டான்.

மங்கைக்கு ஐம்பது வயது நிறைந்த நாளில் அவளைக் குதூகலபுரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவனுடைய யோசனைதான். கிளை அலுவலகத்தில் அவனுக்கு இரண்டு இலவச பாஸ் கொடுத்திருந்தார்கள், அது காலாவதியாகிற கடைசி நாளும் அதே நாளாக இருந்தது. எது முதலில் ஞாபகம் வந்தது, பிறந்தநாளா பாஸா என்று நாம் கிளற வேண்டாம். சிதம்பரநாதன் கடையை யார் பார்ப்பது என்று கேட்டுவிட்டு, யாரும் பதில் சொல்லும் முன் கடைக்குக் கிளம்பிவிட்டார். மங்கை விடிகாலையில் எழுந்து எலுமிச்சை சாதம் கிளறி, வடகம் பொரித்து, டிபன் பாக்ஸைத் துண்டுக்கு நடுவே ஒளித்து எடுத்துக்கொண்டாள். வாசலில் காவலாளி துண்டை மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிட்டான்.

"வெளிச்சாப்பாடு உள்ள விடமாட்டோம்மா. இங்க வச்சுட்டுப் போங்க, சாயங்காலம் வாங்கிக்கலாம்."

மங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "சரிங்க, சரிங்க, நாங்க உள்ளயே சாப்பிட்டுக்கறோம்" என்று குரு முடித்துவிட்டான். உள்ளே கேன்டீனில் அவன் தனக்கு ஃப்ரைடு ரைஸும் கோபி மஞ்சூரியனும் சொன்னான். "அக்காவுக்குத் தயிர் சாதம் போதும், அதுதான் அவளுக்கு உசுரு" என்றும் சொன்னான். பிறந்தநாள்காரி ஒரு மோர்மிளகாயைத் தொட்டுக்கொண்டு தயிர் சாதம் சாப்பிட்டாள். வாசலில் காவலாளி எலுமிச்சை சாதம் சாப்பிட்டான்.

அதற்கப்புறம் எல்லாக் குடும்பங்களிலும் நடப்பதுதான் நடந்தது. தம்பி ராட்டினத்தில் ஏறினான், அக்கா அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தம்பி தண்ணீரில் சறுக்கினான், அக்கா அவன் பர்ஸையும் போனையும் மடியில் கட்டிக்கொண்டு நின்றாள். தம்பி ஈரத்தோடு வந்தான், அக்கா துண்டு கொடுத்தாள். ஆனால் நாகத்தின் அடியில் வந்து நின்றதும், அந்த இரும்புத் தண்டவாளம் வானத்தில் வளைந்து வளைந்து போவதை அண்ணாந்து பார்த்த மங்கை, பையைக் கொண்டுபோய் சாமான் கூடையில் வைத்தாள், கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைத்தாள், செருப்பை ஓரமாக விட்டாள், யாரையும் கேட்காமல் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். "அக்கா, உனக்கு இதெல்லாம் ஒத்துக்காது" என்றான் குரு. அவனுக்குத்தான் உயரம் ஒத்துக்காது. அக்காவைத் தனியாக விடக்கூடாது என்று அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான்.

நாகம் ஏறியது, ஏறியது, சிறுமலையும் மலைக்கோட்டையும் ஒரே பார்வையில் தெரிகிற உச்சிக்கு வந்து ஒரு மூச்சு நின்றது, அப்புறம் விழுந்தது. குரு கண்ணை மூடிக்கொண்டு முருகனில் ஆரம்பித்து ஊரிலுள்ள எல்லாச் சாமிகளையும் கத்திக் கூப்பிட்டதில், பக்கத்தில் அக்கா வாய் திறந்தது அவனுக்குத் தெரியாது. ஐம்பது வருடமாக உள்ளே மடித்து மடித்து வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது.

நாகம் நின்றதும், அதை இயக்குகிற பிரிட்டோ வழக்கமாகக் கேட்பதைக் கேட்டான். "எல்லாரும் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டீங்களா? அப்புறம் வந்து அதை விட்டேன் இதை விட்டேன்னு சொல்லக் கூடாது."

மங்கை தொண்டையைத் தொட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். ஒரு கையை உயர்த்தினாள்.

"எடுத்தாச்சு தம்பி, எடுத்தாச்சு! அக்காவோடதும் எடுத்தாச்சு!" என்று வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னான் குரு, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினான்.

அடுத்த ஆட்கள் ஏறுவதற்கு முன்னால், காலி வண்டியை ஒரு சுற்று ஓடவிடுவது அங்கே வழக்கம். காலி வண்டி ஓடியது, ஓடும்போது "ஆ…" என்று அலறிக்கொண்டே ஓடியது. பிரிட்டோ நிமிர்ந்து பார்த்தான். பல்செட், சவுரி, ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த மாமனார் என்று பலதையும் ஜனங்கள் அங்கே மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், குரலை விட்டுப் போனது இதுதான் முதல் தடவை. அவன் காலி வண்டியை இன்னொரு சுற்று விட்டுப் பார்த்து, குரல் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, டீ குடிக்கப் போனான்.

வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சிதம்பரநாதன் கண்ணாடி எங்கே என்று கேட்டார், கண்ணாடி வந்தது; காபி என்றார், காபி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து மகள் காந்திமதி போன் செய்து அம்மா எப்படி இருக்கா என்று கேட்டாள். "நல்லாருக்கா" என்று அவரே சொல்லி வைத்துவிட்டார். கடைசியில் கண்டுபிடித்தவள் கீரைக்காரி ஒச்சம்மாதான். சிறுகீரை இருக்கா என்று மங்கை தினமும் ஒரு கேள்வி கேட்பாள், அவள் அன்றாடம் வெளியே விடுகிற குரலில் பாதி அதிலேயே செலவாகும். அது கொஞ்ச நாளாக வரவில்லை என்றதும் ஒச்சம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஏய்யா பூட்டுக்கடைக்காரரே! வீட்டம்மாவுக்குக் குரலக் காணோம், நீரு பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கீரு?"

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "தொண்டை சுத்தமா இருக்கு. வீடு நல்லாத்தான் இருக்கு, குடியிருந்தவங்கதான் வெளிய போயிருக்காங்க" என்றார். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னார்.

இதற்குள் குதூகலபுரியில் அந்தக் குரல் நன்றாக வேரூன்றிவிட்டது. முதல் வாரம் வெறும் அலறல்தான். அப்புறம் அலறல் களைத்து, வார்த்தைகள் வர ஆரம்பித்தன. "உப்புக் கம்மின்னு சொல்றவங்க எந்திரிச்சுப் போயி எடுத்துக்கங்க!" என்றது முதல் வளைவில். "எனக்கு நீலக் கலருதான் வேணும், மாம்பழக் கலரு வேணாம்!" என்றது இரண்டாவது வளைவில். "நாளைக்கு நான் எந்திரிக்க மாட்டேன், நாளன்னைக்கும் எந்திரிக்க மாட்டேன்!" என்று தலைகீழாகத் தொங்குகிற இடத்தில் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே இறங்கியது. நிர்வாகம் முதலில், "இது இயந்திரக் கோளாறு அல்ல, பயப்பட வேண்டாம்" என்று ஒரு போர்டு மாட்டியது. கூட்டம் சேர்ந்ததும் போர்டைக் கழற்றிவிட்டு நுழைவுச்சீட்டு விலையை ஏற்றியது.

நிலக்கோட்டையிலிருந்தும் செம்பட்டியிலிருந்தும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வேன் பிடித்து வந்தன. நாகத்தின் வேலியோரம் சேலையை விரித்து உட்கார்ந்து, நாளைக்கு நான் எந்திரிக்க மாட்டேன் வரும்போதெல்லாம் கைதட்டினார்கள். யாரோ ஒருத்தி வேலியில் மஞ்சள் கயிறு கட்டினாள், மறுநாள் வேலியே தெரியவில்லை. நாகத்தக்கா என்று பெயர் வைத்தார்கள். வாய் பேசாத பிள்ளைகளைத் தூக்கி வந்து முதல் வளைவில் நிறுத்தினார்கள், வாய் ஓயாத புருஷன்மார்களை இழுத்து வந்து இரண்டாவது வளைவில் நிறுத்தினார்கள். தேங்காய் உடைக்க ஆசைப்பட்டவர்களை, வெளித்தேங்காய் உள்ளே விடமாட்டோம் என்று காவலாளி தடுத்ததால், கேன்டீனில் இரண்டு மடங்கு விலைக்குத் தேங்காய் விற்றார்கள், அதே தேங்காய் மறுநாள் கேன்டீனில் சட்னியாக வந்தது. ஒருவருக்கும் இதில் ஆச்சரியம் இல்லை. ஒரு பெண்பிள்ளை இத்தனை நாள் எப்படிக் கத்தாமல் இருந்தாள் என்பதுதான் ஆச்சரியம் என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

விஷயம் திண்டுக்கல்லுக்கு வந்து சேர்ந்தது ஒரு பெயரால்தான். மங்கையர்க்கரசி கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்லச் சொல்வாள். கோயிலில் அர்ச்சனைக்கு, நடராஜர் இருக்கிற ஊர் என்று ஐயருக்கு ஜாடை காட்டுவாள். அந்தக் குரல் ஒரு வெள்ளிக்கிழமை, ஊர்ப்பட்ட ஜனத்துக்கு முன்னால், நாகத்தின் வாலிலிருந்து தலை வரைக்கும் இழுத்து, "சிதம்பரநாதன்! ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதே!" என்று சொல்லிவிட்டது. பூட்டு வாங்க வந்தவர்களெல்லாம் துண்டைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் பூட்டை விசாரித்தார்கள். சிதம்பரநாதன் அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் அடைத்தார், மச்சானைக் கூப்பிட்டார்.

"குரு, நீதானய்யா கூட்டிட்டுப் போன? என் பேரைச் சந்தி சிரிக்க வச்சுட்டியே! போயி அதை வாங்கிட்டு வா."

"ஒரு நிமிஷ வேலை அத்தான். நான் பேசிக்கறேன்" என்றான் குரு.

பிரிட்டோ ஒழுங்கான ஆள். சாமானை விட்டுப் போனவர்கள் அடையாளம் சொன்னால்தான் கொடுப்பான். "உங்கக்கா குரல் எப்படி சார் இருக்கும்?" என்று கேட்டான்.

"மெல்லிசா இருக்கும் தம்பி. பணிவா இருக்கும். பக்கத்துல இருக்கறவங்களுக்கே கேட்காது. எதையும் வேணாம்னு சொல்லாது."

மேலே, "மாம்பழக் கலரு வேணாம்!" என்று தண்டவாளம் அதிர ஒரு சத்தம் போனது.

"அப்ப இது அது இல்ல சார்" என்றான் பிரிட்டோ.

குரு பேசிப் பார்த்தான், அதட்டிப் பார்த்தான், பிரிட்டோவுக்கு ஒரு பாலிசி கூடப் போட்டுப் பார்த்தான். பிரிட்டோ பாலிசியில் கையெழுத்துப் போட்டான், குரலைக் கொடுக்கவில்லை. மேனேஜர் வேறொரு சேதி சொன்னார்: தீபாவளிக்குப் புது நாகம் வருகிறது, இந்த நாகத்தைக் கழற்றி லாரியில் ஏற்றி நாக்பூருக்கு அனுப்பப் போகிறார்கள், விலை பேசி முடிந்தது, மேலே இருக்கிற குரலும் வண்டியோடு சேர்த்தி. நாக்பூரில் அக்காவின் குரல் யாருக்கு என்ன புரியும், இங்கே அக்கா வெறும் தொண்டையோடு எத்தனை காலம் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு வார்த்தை வரவில்லை.

இதில் அவனுக்குப் பெரிய குழப்பம், அக்கா எதற்கும் அவசரப்படவில்லை என்பது. வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறிப் போய், வேலியோரம் சுய உதவிக் குழுவோடு உட்கார்ந்து தன் குரலைத் தானே கேட்டுச் சத்தமில்லாமல் சிரித்துவிட்டு வருவாள். சிதம்பரநாதனும் கடையை அடைத்துவிட்டு அங்கேதான் போகிறார் என்று தெருவில் பேச்சு வந்தது. கேட்டால், தீம் பார்க்குக்குப் பூட்டு சப்ளை விஷயமாக என்றார். நாகத்தின் வால் பக்கம், குரல் "சிதம்பரநாதன்!" என்று கூப்பிடுகிற இடத்தில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்று கேட்பார். முப்பது வருடம் என்னங்க, என்னங்க என்றே கேட்டுப் பழகியவருக்குத் தன் பெயர் இவ்வளவு நீளமாக, இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

அடையாளம் தெரிய வேண்டுமானால் முழுக்கக் கேட்டாக வேண்டும். உச்சியில், விழுவதற்கு முன் அந்த ஒரு மூச்சு நிற்கும்போது, குரல் ஏதோ தணிந்து சொல்கிறது, கீழே இருப்பவர்களுக்கு அது கேட்பதில்லை, அங்கே ஏறியவர்களோ அவரவர் அலறலில் இருக்கிறார்கள் என்று பிரிட்டோ சொன்னான். குரு சாமி கும்பிட்டுவிட்டு ஏறினான். முதல் தடவை கத்தியதில் ஒன்றும் கேட்கவில்லை, இறங்கி வாந்தி எடுத்தான். இரண்டாம் தடவையும் கத்தினான், வாந்தி எடுத்தான். கடைசியில் அக்காவின் பழைய துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு ஏறினான். உச்சியில் நாகம் நின்றது. காற்று நின்றது. அவன் காதுக்குப் பக்கத்தில், சின்ன வயதில் இடி இடிக்கும்போது போர்வைக்குள் கேட்ட அதே குரல் சொன்னது.

"குரு, பயப்படாதடா. அக்கா இருக்கேன்ல."

அப்புறம் நாகம் விழுந்தது, விழும்போது அதே குரல் எட்டூருக்குக் கேட்கக் கத்தியது: "எனக்குத் தயிர் சாதம் பிடிக்காதுடாஆஆ!"

குரு இறங்கி, வாயிலிருந்து துண்டை எடுக்காமலே வெகுநேரம் படியில் உட்கார்ந்து அழுதான். பிரிட்டோ அவனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தான். அன்றைக்குச் சாயங்காலமே அவன் அக்கா வீட்டுக்குப் போனான், அவள் கொடுத்த காபியை வாங்கிக்கொண்டு கேட்டான்.

"அக்கா, அது உனக்குத் திரும்ப வேணுமா, வேணாமா?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான். காபி ஆறியது, மேலே ஆடை படிந்தது. வேணும்தான்க்கா, வேணாம்னா எப்படி என்ற பதில் அவன் நாக்கு நுனிவரை வந்து வந்து போனது; பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், நெற்றியில் வியர்த்தது. மங்கை தம்பியை இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. பாவமாகவும் இருந்தது, பார்க்க நன்றாகவும் இருந்தது, அதனால் இன்னும் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள்.

நாகம் கடைசியாக ஓடிய நாளில் வேலியோரம் நிற்க இடமில்லை. கழற்றுகிறவர்கள் ஸ்பேனர்களோடு வந்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். காவலாளி மங்கையின் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உள்ளே விட்டான், ருசி தெரிந்தவன். பிரிட்டோ அவளைப் பார்த்து, "அடையாளம் சொல்லுங்கம்மா" என்றான். கூட்டம் முழுக்கக் குருவைப் பார்த்தது. குரு வாயைத் திறந்தான். இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். மங்கை, மேலே இருக்கிறது, அங்கே வந்து சொல்கிறேன் என்று கையைக் காட்டினாள். பையையும் கண்ணாடியையும் கூடையில் வைக்கப் போனவள், கொஞ்சம் யோசித்து, வேலியோரம் தலையில் துண்டோடு நின்ற சிதம்பரநாதனிடம் கொடுத்தாள். செருப்பையும் கழற்றிக் கொடுத்தாள். அவர் ஒரு கையில் பையும் ஒரு கையில் செருப்புமாக நின்றார்.

அக்காவும் தம்பியும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். நாகம் ஏறியது, ஏறியது, சிறுமலையும் மலைக்கோட்டையும் தெரிகிற உச்சிக்கு வந்தது, ஒரு மூச்சு நின்றது. "குரு, பயப்படாதடா" என்றது குரல். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, "கேட்டுருச்சுக்கா" என்றான் குரு. "அக்கா இருக்கேன்ல" என்கிற மிச்சம், காற்றிலிருந்து வரவில்லை. பக்கத்து சீட்டிலிருந்து வந்தது, எலுமிச்சை வாசனையோடு, சுடச்சுட. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து கத்திக்கொண்டே விழுந்தார்கள்.

நாகம் நின்றது. ஸ்பேனர்காரர்கள் எழுந்தார்கள். பிரிட்டோ கடைசித் தடவையாகக் கேட்டான்.

"எல்லாரும் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டீங்களா?"

குரு உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். மங்கையர்க்கரசி தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள், செருமினாள், "எடுத்துக்கிட்டேன் தம்பி" என்றாள். சத்தம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வேலிப் பக்கம் திரும்பி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாலிலிருந்து தலை வரைக்கும் இழுத்துக் கூப்பிட்டாள்.

"சிதம்பரநாதன்!"

பையும் செருப்புமாக நின்றவர், தலையிலிருந்த துண்டு நழுவி விழ, ஓரடி முன்னால் வந்தார்.

"என்னங்க?" என்றார்.